டயர் இல்லாத சைக்கிள்: நான்காவது வாரம்

மூன்று வாரங்களாகத் துரு தேய்த்துக்கொண்டிருந்த பழைய கறுப்பு சைக்கிளை, இந்த வாரம் டயரையும் ட்யூபையும் கழற்றிவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டிப் பார்த்தேன். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி மலாயாவின் (இன்றைய மலேசியாவின்) கோத்தா பாரு கரையில் இறங்கி, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையில் சைக்கிள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெயிலில் டயர் வெடித்துப்போனதும் அவர்கள் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும், இருட்டில் அந்த இரைச்சலை டாங்கி என்று எதிரணியினர் எண்ணினார்கள் என்றும் எங்கள் கெமெஞ்சே வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த ஓசையை என் காதால் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, முதலில் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டினேன். ரிம் மண்ணில் புதைந்ததே தவிர, ஓசை எதுவும் எழவில்லை. ஆகவே இரவு பத்து மணிக்கு, ஆலைக்குப் போகும் தார் சாலையில், நண்பர்கள் மூவர் இதேபோல் டயர் கழற்றிய சைக்கிள்களில் உடன் வர, மீண்டும் ஓட்டினேன். செம்பனை மரங்களுக்குப் பின்னால் இருநூறு அடி தள்ளி நின்ற தம்பி, "அண்ணே, லாரிதான் வருதுன்னு நெனச்சேன், எத்தனை வண்டின்னே தெரியல" என்றான். நான்கு சைக்கிளுக்கே இப்படியென்றால், நானூறு சைக்கிள் வந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தை அழுத்துவதால், டயர் இல்லாமலும் வண்டி நின்றது. வளைவில் மட்டும் முன்சக்கரம் வழுக்கியது. அறுநூறு மீட்டருக்குள் பின்சக்கரத்தின் 40 கம்பிகளில் ஐந்து தளர்ந்தன, ஒன்று முறிந்தது. பழுதுபார்ப்பவர்கள் கூடவே வராமல் ஒரு படை இவ்வளவு தொலைவு சைக்கிளில் சென்றிருக்க முடியாது என்பது இப்போது எனக்குத் திண்ணமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சோதித்தேன். 1942 ஜனவரி 14-இல், கிம்மாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில், ஜப்பானியரை எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியப் படையினர் அந்தச் சைக்கிள் வீரர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கடந்து போகவிட்டு, பின்னால் வந்தவர்கள் பாலத்தில் இருக்கும்போது அதைத் தகர்த்தார்கள். அப்போது பலருடைய துப்பாக்கிகள் சைக்கிளோடு கட்டப்பட்டிருந்தன. ஒரு நீளக் கட்டையை ட்யூப் பட்டையால் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் இறுகக் கட்டி, கீழே குதித்து அவிழ்த்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், பதற்றமே இல்லாமல் செய்தும் பதினொரு வினாடி ஆயிற்று. அந்தப் பாலத்தில் அவர்களுக்கு அந்தப் பதினொரு வினாடி கிடைத்திருக்காது. அவ்வளவு வேகமாகக் கொண்டுவந்து சேர்த்த சைக்கிளே அந்த இடத்தில் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

அடுத்த வாரம் முறிந்த கம்பியை மாற்றி, சக்கரத்தின் கோணலை நிமிர்த்திவிட்டு, இதே மூட்டையுடன் பாலம் வரை டயரோடு ஓட்டப்போகிறேன்.