நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்

அந்த அண்ணன் கேட்ட விதம்தான் இன்னும் உறுத்துகிறது. “வண்டிய ஓட்டலாமா?” என்று கேட்டிருந்தால் என்னிடம் வழக்கமான பதில் உண்டு. அவர் அப்படிக் கேட்கவில்லை. “நீ நிறுத்தச் சொல்லு தம்பி, இன்னைக்கே நிறுத்திடறேன். நீ ஒன்னும் சொல்லலன்னா ராத்திரி ஓட்டத்துக்குப் போறேன்” என்றார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் பட்டறை மெக்கானிக். அவர் சிங்கப்பூரில் தனியார் வாடகை வண்டி ஓட்டுபவர். வண்டி சொந்தம், பத்து வருடம் வண்டி வைத்திருக்க வாங்கும் சிஓஇ உரிமச் சான்று முடிய ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். மாடி கார்நிறுத்தத்தின் வளைவில் ஏறும்போது ஸ்டீரிங் சட்டென்று கனத்து எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல் ஓடியிருக்கிறது. ஸ்கேனரில் வந்தது, ஸ்டீரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சரின் கோளாறு கோட்: அது அனுப்பும் மெயின், சப் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை. கோட் விழுந்த நேரத்து வோல்டேஜும் பதிவில் நன்றாகவே இருந்ததால், பேட்டரி மேல் பழி போடவும் வழியில்லை. “ஓபியு மாட்டினதுலேருந்துதான் தம்பி” என்றார் அவர். சாலைக் கட்டணத்துக்காக வண்டியில் மாட்டும் கருவி அது. இப்போதெல்லாம் ஹாரன் அடிக்காவிட்டாலும் ஓபியுதான் காரணம் என்கிறார்கள். அதன் பெட்டி இருப்பது பயணி கால் வைக்கும் பக்கம். நான் பார்க்க வேண்டிய கனெக்டர் ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே.

ஸ்டீரிங் தண்டுக்குள் ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. நாம் எவ்வளவு பலம் கொடுத்துத் திருப்புகிறோமோ அதற்கேற்ப அது சில டிகிரி முறுகும்; சென்சர் அந்த முறுக்கை அளந்து சொல்லும். இந்த வண்டியில், கை வைக்காதபோது இரண்டு சிக்னலும் ஏறக்குறைய 2.5 வோல்ட். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், கூட்டினால் எப்போதும் 5. கணக்கு பிசகினால் எதை நம்புவது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாது; ஸ்டீரிங் திருப்ப உதவும் மோட்டாரை நிறுத்திவிடும். நான் பார்த்த வரை கணக்கு பிசகவே இல்லை. ஒயர்களை ஆட்டினேன், இழுத்தேன், கனெக்டரை ஹீட் கன்னால் சூடாக்கினேன். நொடிக்குச் சில தடவை மட்டும் மதிப்பைக் காட்டும் ஸ்கேனரில், கண் இமைப்பதற்குள் அறுந்து சேரும் சிக்னல் சிக்காது என்று, சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பையும் மாட்டினேன். அதிலும் ஒரு பிசிறு இல்லை.

கடைசியில் கனெக்டர் பின்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தபோது, சப் சிக்னல் வரும் பின் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. இறுக்கினேன். கோட் அழித்து, சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீரிங்கைத் தொடாமல், கை வைக்காத நிலை இதுதான் என்று சென்சருக்கு ஜீரோ பாயிண்ட் செட் செய்து, பட்டறைச் சாய்தளத்தில் ஏறி இறங்கி ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பின் முதலிலிருந்தே தளர்வாக இருந்ததா, நான் கழற்றிக் கழற்றி மாட்டியதில் தளர்ந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாஸுக்குக் குழப்பமே இல்லை. சென்சர் தனியாகக் கிடைக்காது, அது இருக்கும் ஸ்டீரிங் தண்டுப் பகுதியை, அதாவது காலம் அசெம்பிளியை, முழுசாக மாற்று என்றார். பத்தாவது வருடத்தோடு விட்டுவிடப் போகிற வண்டி அது. சிஓஇயின் மூன்று மாதச் சராசரி பிரீமியத்தைக் கட்டிப் புதுப்பிக்கும் எண்ணமெல்லாம் அண்ணனுக்குக் கிடையாது. அந்த வண்டிக்கு அவ்வளவு பணம் போடச் சொல்வதற்கு, கெட்டுப்போனதை நான் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? அப்போதும் அதைத்தான் நினைத்தேன், இப்போதும் அது தவறாகத் தெரியவில்லை.

அதனால் அண்ணனிடம் சொன்னேன்: “மோட்டார் அசிஸ்ட் போனாலும் ஸ்டீரிங் சக்கரத்தோட இணைஞ்சுதான் இருக்கும்ணே. திருப்பலாம், கனமா இருக்கும். விளக்கு வந்தா ஓரமா நிறுத்திட்டு எனக்கு அடிங்க.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேகமாகப் போகும்போது அசிஸ்ட் அவ்வளவாகத் தேவையும் இல்லை. மெதுவாக வளைக்கும் இடத்தில்தான் கை திணறும். சரி, அவருக்குக் கனத்ததே அப்படிப்பட்ட இடத்தில்தானே? பின்சீட்டில் ஆள் இருக்க, பக்கத்தில் சுவர் இருக்க. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் அதிகமாக அரிக்கிறது. இதே வண்டியை அலுவலகத்துக்குப் போய்வருகிற ஒருவர் கொண்டுவந்திருந்தால், “ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, எம்ஆர்டி ரயில்ல போங்க” என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஸ்கோப் காட்டியது இருவருக்கும் ஒன்றேதான். அண்ணனுக்கு ஓட்டம் நின்றால் வருமானம் நிற்கும் என்பதால் என் கண்ணுக்கு வயரிங் கோளாறில்லாததாகத் தெரிந்ததோ? பயிற்சிக்கு வரும் பையன்களிடம், காரணத்தைப் பார்க்காமல் கோட் அழிக்காதே என்று இப்போதும் சொல்கிறேன். சொல்லும்போது அவர் முகம் வந்துபோகும். இருந்தும், ஆதாரம் இல்லாமல் ஒருவர் பிழைப்பை நிறுத்துவது மட்டும் எச்சரிக்கையான வேலையா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அப்புறம் ஆயில் மாற்ற வந்தார். விளக்கு வரவே இல்லையாம். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. எப்போதாவது வருகிற கோளாறு வராமல் இருப்பதும் அதன் குணம்தானே. அவரோ ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

அப்படிக் கேள்விப்பட்டு அவருடைய நண்பர் ஒருவர் போன மாதம் வந்தார். அதே மாடல், அதே விளக்கு. இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே இல்லை: ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சப் சிக்னல் அசையவில்லை, கனெக்டரும் ஒயரும் சரியாக இருந்தன. சென்சரே போய்விட்டது, காலம் அசெம்பிளி மாற்றத்தான் வேண்டும், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றேன். மதிப்புகளைத் திரையில் காட்டியும் அவர் மசியவில்லை. “அவருக்கு மட்டும் பின்ன இறுக்கிக் குடுத்தீங்களாமே? எனக்கும் அத செஞ்சு விடுங்க” என்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே சாவியை வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.