தெரியவில்லை, சார்

ஹாக்கி அணியின் கடைசி இடத்துக்கு அந்த நடுக்களப் பையன் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். தேர்வுக்குழுவில் மற்ற இருவரும் கோல் கணக்கைப் பார்த்தே அவனை ஒதுக்கியிருந்தார்கள். முகாம் முழுக்க ஆடியும் ஒரு கோல்கூட இல்லை. நான் அதைப் பார்த்து ஒதுக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோல் எண்ணிக்கை ஆட்ட அறிவைக் காட்டாது என்று வருடக்கணக்காக வாதாடுபவன் நான். கோலுக்கு முன்னால் வளைவாக வரைந்த 'டி'க்குள் தாக்கும் அணியின் ஸ்டிக் பட்டால்தான் பந்து கோலாகும். அந்த 14.63 மீட்டர் வளைவுக்கு வெளியே, எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மடக்குகிறவனுக்குப் பட்டியலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. தடுக்கும் அணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டும் ட்ராக் ஃப்ளிக் அடித்தவன் பெயரில் கோல் ஏறும். தடுப்பாளரின் காலில் பந்தைப் பட வைத்து அந்த கார்னரை வாங்கியவன் பெயர் எங்கே?

எனவே வீடியோவைப் போட்டுக் கேள்வி கேட்டேன். அவனிடம் பந்து வருகிறது. முன்னால் பத்து மீட்டர் வெற்றிடம். அவன் பின்னால் தள்ளிவிடுகிறான். அங்கே நிறுத்தினேன்.

"ஏன் பின்னால் கொடுத்தாய்?"

திரையைப் பார்த்தான். "தெரியவில்லை, சார்."

"முன்னால் இடம் இருந்ததே?"

"இருந்தது, சார்."

அவ்வளவுதான். அடுத்து வந்த முன்கள வீரன் பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டு, எதிரணி எப்போது நெருக்கும், எப்போது பின்வாங்கும் என்று மளமளவென்று விளக்கினான். அவனுக்கு இடம் கொடுத்தோம்.

தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட மாட்டேன். ஆட்டத்தின் கால் பகுதி முடிந்து கிடைக்கும் இரண்டு நிமிட இடைவேளையில், கண்டதைச் சொல்லத் தெரிந்தவன் அணிக்குச் சொத்து. தவிர, அந்த முன்கள வீரனும் மோசமாக ஆடவில்லை.

ஆனால் நான் ஆடிய காலத்தில் என் பயிற்சியாளர், "எதிராளி ரிவர்ஸ் ஸ்டிக்குக்குத் திரும்புவான் என்று எப்படித் தெரிந்தது?" என்று, அதாவது ஸ்டிக்கைப் புரட்டி இடப்பக்கம் ஆடுவதைப் பற்றி, கேட்டபோது, "தோளைச் சாய்த்தான், சார்" என்றேன். அந்த நொடியில் தோன்றிய பதில் அது. தோளை நான் பார்த்ததாக நினைவே இல்லை. பாராட்டினார். பிறகு அதையே என் மாணவர்களுக்குப் பாடமாகவும் நடத்தினேன். அந்தப் பையன் என்னைப் போல ஒரு தோளைக் கண்டுபிடித்திருந்தால் உள்ளே வந்திருப்பான். கோல் கணக்கைத் தள்ளிவிட்டுப் பேச்சுக் கணக்கைக் கையில் எடுத்திருக்கிறேன். கோலையாவது எண்ணிப் பார்க்கலாம்.

இல்லை, உண்மையிலேயே அவனுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். பின்னால் கொடுத்தது வெறும் பயமாகவும் இருக்கலாம். அந்தப் பந்து மூன்று பாஸ் தாண்டி வேறு யாரோ இழந்து வீணானது; அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.

போன வாரம் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பந்து வந்து சேருவதற்குள் அவன் தலை இரண்டு முறை வலப்பக்கம் திரும்புகிறது. அன்று இதை நான் கவனிக்கவில்லை. அங்கே யார் இருந்தார்கள் என்று பின்னோட்டி முன்னோட்டிப் பார்த்தேன். கேமரா பந்தின் பின்னாலேயே போயிருக்கிறது. வலப்பக்கம் படச்சட்டத்துக்குள் வரவே இல்லை.