வாழைப்பழத்தில் போன மதிப்பெண்

மத ஒப்பியல் படிப்பில் யூதச் சட்டம் எனக்கு ஒரு தாள். அதில் உணவுக்குச் சொல்லும் பெராகா, அதாவது ஆசி வாசகம், பற்றிய பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். சாப்பிடுமுன் சொல்வது ஆறே வாசகம்தானே என்ற தைரியம். ரொட்டிக்கு ஹமோட்ஸி, மற்றத் தானியப் பலகாரத்துக்கு மெஸோனோத், திராட்சை ரசத்துக்கு ஹாகஃபென், மரத்துப் பழத்துக்கு ஹாஏட்ஸ், நிலத்தில் விளைவதற்கு ஹாஅதாமா, மீதிக்கெல்லாம் ஷெஹாகோல். ஒரே ராத்திரியில் மனப்பாடம்.

தேர்வில் முதல் கேள்வியே வாழைப்பழம். ‘வாழைமரம்’ என்று சொல்லியே வளர்ந்தவன், யோசிக்காமல் ஹாஏட்ஸ் என்று எழுதினேன். தப்பு. பழம் பறித்த பிறகும் அதே கிளை நின்று மறுபடி காய்த்தால்தான், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் கணக்கில் அது மரம். வாழையோ குலை தள்ளியதோடு சரி. அடுத்த குலை பக்கக்கன்றில்தான். எங்கள் கொல்லையில் தினம் பார்த்த சங்கதி! ஆகவே ஹாஅதாமா.

அதனால் எந்த உணவுக்கு எந்த வாசகம் என்ற அட்டவணையை முதலில் எடுக்காதீர்கள். தல்மூதுக்கு அடிப்படையான சட்டநூல் மிஷ்னா; அதில் பெராகோத் பகுதியின் 6ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கே இருக்கிறது. மரத்துப் பழத்துக்கு ஹாஅதாமா சொன்னால் செல்லும், ஏனென்றால் மரமும் மண்ணில்தான் நிற்கிறது. காய்கறிக்கு ஹாஏட்ஸ் சொன்னால் செல்லாது. ஷெஹாகோல் எதற்குச் சொன்னாலும் செல்லும். இது பிடிபட்டால் பாதிக் கேள்விக்கு விடை தானாக வரும்.

காளானில் ஏமாறாதீர்கள். மண்ணில் முளைத்தாலும் அது மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை என்பது தல்மூதின் வாதம், ஷெஹாகோல்தான்.

நம் சோறு தனி ரகம். யூதச் சட்டம் தனியாக எண்ணும் கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களில் அரிசி கிடையாது. ஆனாலும் வயிற்றை நிரப்புவதால், சாப்பிடுமுன் மெஸோனோத் என்கிறது 16ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பான ஷுல்ஹான் அரூக். சாப்பிட்ட பின் மட்டும் தானியத்துக்குரிய நீண்ட வாசகம் இல்லை, போரே நெஃபாஷோத் என்ற சின்னதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தாத இந்த இடத்தைக் கேள்வி தயாரிப்பவர்கள் விடவே மாட்டார்கள்.

மறுதேர்வில் பப்பாளி கேட்டிருந்தார்கள். உள்ளே குழலான தண்டு, முதல் வருடத்திலேயே காய்ப்பு. மரமா செடியா என்று யூதச் சட்ட அறிஞர்களான ரபிகளுக்குள்ளேயே தகராறு. இரு கட்சியையும் எழுதிவிட்டு, ஹாஅதாமா சொன்னால் மரமானாலும் செல்லும் என்று முடித்தேன். முழு மதிப்பெண்.