போத்தல் உடைக்க முன்னம்

எங்கள் மாடு சிவப்பி செத்தது 2023 ஆடியில். நாலு நாளாகத் தீன் எடுக்கவில்லை, அசை போடவில்லை. இடப்பக்க வயிறு ஊதிக்கொண்டு வந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் விடியப் போய்ப் பார்த்தால் கட்டையடியில் விறைத்துக் கிடந்தாள். வயிற்றை அறுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு ஒரு பொலித்தீன் உருண்டை. சொப்பிங் பை, நூடில்ஸ் பை, சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் சீற் எல்லாம் கயிறு மாதிரி முறுகிப் போயிருந்தது. லஞ்ச் சீற்றை இந்த நாட்டில் 2017 செப்ரெம்பரில் தடை செய்தார்கள். ஆறு வருசத்துக்குப் பிறகு அது என் மாட்டின் வயிற்றுக்குள் இருந்து வந்தது.

மாடு பொலித்தீனுக்கு ஆசைப்பட்டுத் தின்பதில்லை. அதில் ஒட்டியிருக்கிற சோற்றுக்கும் கறியின் உப்புக்கும்தான் வாய் வைக்கிறது. யானையும் அப்படித்தான். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்ரிக் தின்று செத்ததைப் படத்தோடு பார்த்திருப்பீர்கள். அதே சாவு எங்கள் பட்டிக்குள்ளும் வந்தது.

சிவப்பி தின்ற இடம் எங்கள் தேத்தண்ணிக் கடையிலிருந்து முக்கால் கிலோமீற்றர். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில், ஒலுமடுவுக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், காட்டோரம். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். படம் போட்டு வழி சொன்னதால்தான் வெளியூர்க் கூட்டங்கள் வந்து கூடாரம் அடித்து, குடித்து, குப்பை போட்டுப் போகிற இடமாக அது ஆனது. மருதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வளைகிற இடத்தில் ஏழெட்டுப் பெரிய மருதமரங்கள், கீழே வெள்ளை மணல். மாரியில் ஆறு கரை முட்டிப் போகும். ஆடி ஆவணியில் மணலாகிவிடும், ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

அந்த மடுதான் சுற்றுவட்டக் காட்டுக்கே தண்ணீர். மான், மரை, பன்றி, யானை எல்லாம் பொழுதுபட்ட பிறகு அங்கேதான் இறங்கும். பாலைப்பழக் காலத்தில் கரடியும் வரும். மடுக்கரையில் ஸ்பீக்கரை வைத்து விடிய விடியப் பாட்டுப் போட்டால் அன்று இரவு எந்த மிருகமும் இறங்காது. இரண்டு இரவு அப்படியே போனால் யானை தண்ணீரைத் தேடி ஊருக்குள் வரும். வந்தால் மிதிபடுவது எங்கள் வாழையும் வேலியும். மருதடியில் பாட்டுக் கேட்டால், அடுத்த நாள் ஊரில் யாரும் படலையைத் திறந்து விட்டுவிட்டுப் படுக்க மாட்டார்கள்.

எங்கள் அப்பு தேன் எடுக்கக் காட்டில் இறங்கும்போது முதல் மரத்தடியில் ஒரு குழை முறித்து வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். கல்லும் இல்லை, சூலமும் இல்லை. அந்தக் காய்ந்த குழைக் குவியல்தான் கோயில். 2023இல் அந்த இடத்தில்தான் யாரோ கோழிக் கழிவைக் கொட்டியிருந்தார்கள்.

முதலில் நாங்கள் செய்ததெல்லாம் பிழையாய்ப் போனது. 'குப்பை போடாதீர்கள்' என்று பலகை நட்டோம். மூன்றாம் கிழமை அந்தப் பலகையின் கால் பாதி எரிந்தபடி அடுப்புக்குள் கிடந்தது. பிறகு ஒரு தகர பரல் வைத்தோம். அது பலகையை விட மோசம். குரங்கு இழுத்துப் போட்டது, நாய் இழுத்தது, ஒரு நாள் யானை உருட்டி மடுவுக்குள்ளேயே விட்டது. பரல் நிறைந்தால் ஆட்கள் பக்கத்தில் குவித்துவிட்டு, தாங்கள் ஒழுங்காகச் செய்ததாக நினைத்துப் போய்விடுவார்கள். காட்டுக்குள் பரல் வைக்க யோசிக்கிற எவருக்கும் நான் சொல்வேன்: வைக்காதீர்கள். நாளுக்கு நாள் எடுக்க வண்டி இல்லாத இடத்தில் பரல் என்பது மிருகத்துக்கு வைத்த சாப்பாட்டுத் தட்டு.

பெரிய பிழை இன்னொன்று. ஒரு சனி இரவு பதினொரு மணிக்கு மேல் சத்தம் தாங்காமல் என் வீட்டுக்காரரும் அவரின் தம்பியும் ரோச் லைற்றோடு போனார்கள். "ஆருடா நீங்கள்?" என்று கேட்டதுதான் தாமதம், தள்ளுமுள்ளு. தம்பியார் உடைந்த போத்தலில் கையை ஊன்றி விழுந்து ஆறு தையல். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த நாள் எதுவும் நினைவிருந்திருக்காது. குடிவெறியில் இருக்கிறவனோடு இருட்டில் நியாயம் பேச முடியாது என்பதை அந்த ஆறு தையலில் படித்தோம்.

அதற்குப் பிறகு மாதர் சங்கக் கூட்டத்தில்தான் இதைக் கதைத்தோம். தலைவி அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அவங்கள் எத்தினை மணிக்கு வந்து இறங்கிறாங்கள்?" மூன்றரை, நாலு மணி. எங்கள் கடையில் நின்று தண்ணீர்ப் போத்தலும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். "அப்ப போத்தல் உடைக்க முன்னம் நாங்கள் போவம்" என்றா.

இப்போது சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் ஐந்து மணிக்கு நாங்கள் மூன்று பெண்களும் அம்மானுமாகப் போகிறோம். கையில் தேத்தண்ணிப் போத்தலும் வெறும் உரப்பைகளும். ஏசுவதில்லை. எந்த ஊர், ஆற்ற பிள்ளை என்று கேட்போம். பெயர் சொன்ன பிறகு மனிசன் கொஞ்சம் மாறுகிறான், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிறகு அம்மான் இடத்தைக் காட்டுவார். "இது ஆனை இறங்கிற தடம், இதில கூடாரம் அடிக்காதேங்கோ. சாப்பாட்டை கூடாரத்துக்குள்ள வைக்காதேங்கோ. வெளிக்குப் போறதெண்டா மடுவில இருந்து எட்டப் போய், முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி கிண்டி மூடுங்கோ, கீழ ஊர்ச்சனம் குளிக்குது." யானையின் பெயரைச் சொன்னால் பாட்டுச் சத்தம் தானாகக் குறைகிறது. அது பொய்ப் பயமுறுத்தல் அல்ல, தடத்தில் யானைச் சாணம் கிடக்கும்.

நெருப்பைப் பற்றித்தான் அம்மான் கூட நேரம் கதைப்பார். புதிதாக அடுப்புக் கிண்ட விடமாட்டார், பழைய சாம்பல் கிடக்கிற இடத்தில்தான் மூட்ட வேண்டும். எங்கள் காட்டில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009 வரைக்கும் சண்டை நடந்த மண் இது. கண்ணிவெடி அகற்றிய இடம் என்றாலும் வெடிக்காத ஏதோ ஒரு எறிகணை அடியில் கிடந்து சூட்டுக்கு வெடிக்கலாம். விறகு பொறுக்கவும் இருட்டில் காட்டுக்குள் இறங்கக் கூடாது, சிவப்பு மண்டையோட்டுப் பலகை இரவில் தெரியாது. மருதமர வேரோடு அணைத்து நெருப்பு மூட்டினால் மரம் அன்றைக்குப் பட்டுப் போகாது, உள்ளே பொறிந்து இரண்டு மூன்று வருசத்தில் சரியும். அப்படி ஒன்று சரிந்துவிட்டது.

போகும்போது ஆளுக்கொரு உரப்பையைக் கொடுத்து, "காலமை கடையடியில தாங்கோ, நாங்கள் பிரதேச சபை வண்டியில ஏத்திறம்" என்போம். பையைக் கொடுக்காமல் "குப்பையைக் கொண்டு போங்கோ" என்று சொன்ன நாட்களில் பலன் இல்லை. வெறும் பை கையில் இருந்தால் நிரப்புகிறார்கள். எல்லாரும் இல்லை. பத்துக் கூட்டம் வந்தால் ஆறேழு கூட்டம் பையோடு வரும். இன்னொன்று: நாங்கள் முதல் நாளே இடத்தைத் துப்பரவாகக் கூட்டி வைத்தால் குறைவாகப் போடுகிறார்கள். ஏற்கெனவே குப்பை கிடந்தால் தங்களுடையதையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள்.

வாகனத்தை மறித்தது எங்களுக்குப் பெரிய உதவி. முதலில் ஒரு பாலைக் கட்டையைக் குறுக்கே போட்டோம், இழுத்து ஒதுக்கிவிட்டு வானை மணல் வரைக்கும் இறக்கினார்கள். பிறகு வனவளத் திணைக்களத்தில் அனுமதி கேட்டு, வீதியோரமாக ஜேசிபியால் ஒரு பள்ளம் வெட்டுவித்தோம். இப்போது வாகனம் வீதியில் நிற்க வேண்டும், சாமானை இருநூறு அடி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வானின் பெரிய ஸ்பீக்கரும் பியர் பெட்டியும் அந்தத் தூரத்திலேயே குறைந்து போயின. டென்ரும் சட்டியும் தூக்கி வருகிறவர்கள் உண்மையாகவே காட்டைப் பார்க்க வருகிறவர்கள். அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. வரட்டும், வன்னியைப் பார்க்கட்டும்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறு பெடியன்கள். அதில் ஒருவன் முதலில் கொஞ்சம் எகத்தாளமாகத்தான் கதைத்தான். "இது உங்கட காணியோ அக்கா?" "இல்லை தம்பி, அரசாங்கக் காடு. 1995இல உங்கட ஊர்ச்சனம் இடம்பெயர்ந்து வரேக்க, இந்த மரங்களுக்குக் கீழயும் தறப்பாள் கட்டி இருந்தவை. எனக்கு அப்ப பதினொரு வயசு. எங்கட கிணத்தில இருந்து தண்ணி அள்ளிக் குடுத்தனான்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவும் மல்லாவியில இருந்தவ" என்றான். அன்று இரவு பாட்டே கேட்கவில்லை. காலையில் கடைக்கு வந்து தாயோடு தொலைபேசியில் கதைக்கத் தந்தான். அந்த அம்மா ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரர் கோயில் எப்படி இருக்கிறது என்று விசாரித்தா.

எதற்கும் அடங்காத கூட்டமும் வரத்தான் செய்யும். அவர்களிடம் நாங்கள் இரண்டாம் முறை போவதில்லை. வாகன இலக்கத்தை எழுதிக்கொள்வோம், பச்சை முதிரை மரத்தை வெட்டினால் வெட்டு வாயைப் படம் எடுப்போம், இரவில் சண்டை என்றால் 119இல் பொலிசைக் கூப்பிடுவோம். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவதும் நெருப்பு வைப்பதும் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம், 2009இல் அதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு அதிகாரி பார்க்க வேண்டிய காட்டின் பரப்பு பெரிது. அவர் வந்து சேர்வதற்குள் சாம்பல் ஆறிவிடும். இலக்கமும் படமும் இருந்தால் அவருக்கு வேலை சுகம்.

போன ஞாயிறு காலை கிளிநொச்சியிலிருந்து வந்த பெடியன்கள் வெளிக்கிட்டார்கள். பத்தொன்பது வயசு இருக்கிற ஒருவன் அடுப்பில் தண்ணீர் ஊற்றினான். மண்ணைப் போட்டு மூடப் போனவனை அம்மான் மறித்தார். மணலுக்குக் கீழே தணல் இரண்டு நாளும் இருக்கும், சோளகக் காற்று ஒரு ஊது ஊதினால் சருகு முழுக்கப் பிடிக்கும். தடியால் கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். பெடியன் குந்தி இருந்து கையை வைத்தான்.

"இன்னும் சுடுது அம்மான்" என்று சொல்லிவிட்டு வாளியோடு மடுவுக்கு இறங்கினான்.