கழுத்துல நெறி

ஜூன் 4
இடது காதுக்குக் கீழ, பின்பக்கமா ஒரு நெறி. வலிக்கல. அதான் யோசனையாருக்கு.

ஜூன் 9
சொத்தைப் பல்லுன்னா நெறி கட்டும், தலையில புண்ணுன்னா கட்டும்னு அத்தை. ரெண்டும் இல்ல. அழுத்துனா ரப்பராட்டம் இருக்கு, விரலுக்குக் கீழ நழுவுது. சாயங்காலமானா உடம்பு கதகதங்குது, நாத்தங்கால் வரைக்கும் போயிட்டு வந்தாலே கால் ஓஞ்சுபோவுது.

ஜூன் 12
மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களாம், தெருவே அதைத்தான் பேசுது. நான் கழுத்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஜூன் 17
தஞ்சாவூர். இருமல் இருக்கா, எடை கொறைஞ்சுதா, ராத்திரி வேர்க்குதா. எதுக்குக் கேக்குறார்னு எனக்குத் தெரியாதா, டிபி, இல்லன்னா அது. நெறியில ஊசி குத்தி எடுத்தாங்க. பஸ்ஸுல அய்யம்பேட்டை வர்ற வரைக்கும் இவுங்க ஒரு வார்த்தை பேசல.

ஜூன் 18
தூக்கமில்ல.

ஜூன் 21
கெட்டது எதுவும் இல்லையாம், டிபியும் இல்ல. சும்மா வீங்கியிருக்காம். சும்மா எதுக்கு வீங்கணும்? டாக்சோன்னு ஒரு கிருமியாம், அதுக்கு இன்னொரு டெஸ்ட், ரத்தத்துல, எழுதியிருக்கார்.

ஜூன் 25
டாக்சோவேதான். ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜியும்; ரெண்டும் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குறது, புதுசா தொத்துனா ஐஜிஎம்தான் மொதல்ல வருமாம். ஆனா ஐஜிஎம் வருஷம் தாண்டியும் ரத்தத்துல நிக்குமாம், கழுத்தையும் சேத்துப் பாத்ததாலதான் புதுசுங்கிறார். நல்லா இருக்குற உடம்புல முக்காவாசிப் பேருக்கு வந்ததே தெரியாதாம், தெரிஞ்சா இப்படித்தான், வலியில்லாத நெறி, அசதி, லேசா காய்ச்சல். மாத்திரையே குடுக்கல! தானா அடங்கும், மாசக்கணக்குல ஏறி எறங்கும்னுட்டார். மாத்திரை இல்லாம ஒரு வியாதியான்னு அத்தைக்கு நம்பிக்கையே வரல.

ஜூன் 26
பூனையாலயும் வரும்னு இவுங்க வாய விட்டுட்டாங்க. கருப்பியைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில வுடணுமாம். அது கெழவி. பூனைக்கு மொதத் தடவை தொத்துறப்போ ரெண்டு மூணு வாரம்தான் பீயில கிருமி வரும், அதுவும் போட்ட உடனே ஒட்டாது, ஒரு நாளாவது ஆவணும். கொல்லை மண்ணு, சரியா அலசாத கீரை, வேகாத கறி, எதுலேர்ந்தும் வந்திருக்கலாம், ஊர்ப் பூனையெல்லாம் நம்ம கீரைப்பாத்தியிலதான் தோண்டி மூடுது, இது ஒண்ணு மேல மட்டும் பழியா.

ஜூலை 2
நெறி சின்னதாயிட்டு.

ஜூலை 3
இல்ல, அப்படியேதான் இருக்கு.

ஜூலை 8
தம்பி பொண்டாட்டிக்கு அஞ்சு மாசம், என்னைத் தொடக்கூடாதுங்கிறாங்க அத்தை. ஆளுக்கு ஆள் ஒட்டாது அத்தை, எத்தனை தடவை சொல்றது. அவ வந்தா கொல்லைப்பக்கம் மட்டும் விடக்கூடாது.

ஜூலை 11
கண்ணு மங்குனாலோ பூச்சி பறக்குறாப்ல தெரிஞ்சாலோ உடனே வரச் சொல்லியிருக்கார். 2004 வாக்குல கோயமுத்தூர்ல இருநூறு பேருக்கு மேல கண்ணுலயே வந்துச்சாம், குடிதண்ணி மேல சந்தேகம். அதைப் படிச்சதுலேர்ந்து ஒரு கண்ணை மூடி மூடி காலண்டரைப் பாக்குறேன், ராகுகாலம் வரைக்கும் தெரியுது. நாளைக்கு நடவு. ஆளுங்களுக்குக் குடத்துத் தண்ணியைக் காய்ச்சி ஆத்தித்தான் குடுக்கப்போறேன், சிரிச்சா சிரிக்கட்டும்.