24 ஹேண்டிகேப்போடு செரப்போங்கில் ஒரு சுற்று

சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உள்ள செரப்போங் கோல்ஃப் மைதானத்தில் ஆட இடம் உறுதியானதும், பந்தை வெகுதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை நான் தொடவே இல்லை. பயிற்சிக்குக் கிடைத்த மாலை நேரமெல்லாம் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட்டர் மட்டைக்கும், கிரீன் எனப்படும் குழியைச் சுற்றிய மழுங்க வெட்டிய புல்தளத்தின் ஓரத்திலிருந்து போடும் சின்னச் சின்ன சிப் அடிகளுக்கும்தான் போனது. என் ஹேண்டிகேப் 24, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்; எண் கூடக் கூட ஆட்டம் சுமார். டிரைவரில் 200 யார்டு தாண்டி நேராகப் போகும் அடி எனக்கு எப்போதாவது வாய்க்கும் வரம். கடைசி நேரத்தில் உட்கார்ந்து அதை வரவழைக்க முடியாது. கிரீனில் குழிக்குள் தள்ள எடுக்கும் மூன்று புட்டை (உருட்டடியை) இரண்டாகக் குறைப்பதற்காவது உழைக்கலாம்.

அழைத்துப் போனவர் நண்பரின் மாமா, அங்கே உறுப்பினர். இப்படி யாராவது கை கொடுக்காவிட்டால் என் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர்தான் கதி. மரினா பே பொது மைதானமும் 2024 நடுவில் மூடப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் சிங்கப்பூரில் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1891இல், ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில். நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். ‘நம் பேட்டை விளையாட்டு’ என்று நான் உரிமை கொண்டாடுவது அந்தத் தைரியத்தில்தான்.

எந்த டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் எந்த இடத்திலிருந்து ஆடுவது என்று மாமா கேட்டார். பெரிய போட்டிகளுக்கு இந்த மைதானத்தை 7,400 யார்டு அளவுக்கு நீட்டுவார்கள். அந்த நீளத்தில் நான் ஆடினால் பின்னால் வரும் குழுவினர் என்னைச் சபிப்பார்கள். கூச்சப்படாமல் முன்தள்ளி இருந்த டீயைக் கேட்டு வாங்கினேன். அன்று நான் செய்தவற்றில் இதுவே சிறந்த காரியம். இரண்டாவது அடிக்கு நெடுந்தூர மர மட்டைக்குப் பதில், கட்டுப்படுத்த எளிதான இரும்பு மட்டை எடுக்க முடிந்தது. தண்ணீரைத் தாண்ட வேண்டிய இடங்களிலும் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆண்மயில் மட்டும் டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட ஃபேர்வே புல்வெளி நடுவே நின்று வழிவிட மறுத்தது. முருகன் வாகனம், நாங்கள் காத்திருந்தோம்.

முதல் பாதியில் துறைமுகப் பாரந்தூக்கிகள் எதிரே வரிசைகட்டி நிற்கும் இடத்தில் எல்லாரும் கைப்பேசியை எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அந்தத் துறைமுக முனையங்கள் தீவின் மேற்கிலுள்ள துவாசுக்கு மாறவிருக்கின்றன. படம் எடுத்து முடிந்ததும் மனம் மறுபடி கிரீனுக்கே போய்விட்டது.

உண்மையான வித்தியாசம் அங்கேதான். கிரீனின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுப் பள்ளம் கொண்ட கோலால் அளப்பார்கள். அதிலிருந்து உருண்டிறங்கும் பந்து சமதளத்தில் எத்தனை அடி தூரம் ஓடுகிறதோ, அதுவே வேகம். இங்கே அந்த எண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பயிற்சித் தளத்தில் குழியருகே நிற்க வேண்டிய என் முதல் புட் இரண்டு மட்டை நீளம் தாண்டிப் போனபோதே போதுமான விடை கிடைத்துவிட்டது.

அங்குள்ள புல் டிஃப்ஈகிள், குட்டை பெர்முடா வகை. பெர்முடாப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். மாமா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தம்பி, சரிவை மட்டும் பார்க்காதீங்க. புல் எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பாருங்க.” பந்தின் பின்னால் நின்று பார்க்கும்போது தளம் வெளிறிப் பளபளத்தால் புல் நமக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும். இன்னொரு தடயம் குழியின் விளிம்பு. புல் சாய்ந்திருக்கும் பக்கத்து விளிம்புதான் சிதைந்து தேய்ந்திருக்கும். இதையெல்லாம் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வழக்கமாக ஆடும் தளங்களில் புல் கரடுமுரடாக இருப்பதால் இந்த நுணுக்கமெல்லாம் அமுங்கிவிடும். இங்கே ஒவ்வொரு புட்டிலும் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாம் பாதியில் மூன்று புட் வெகுவாகக் குறைந்தது.

நடுவில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் இடி இடிக்கும் ஊரில் இது இல்லாமல் எப்படி? ஒதுங்கி நின்று மைலோ குடித்தோம், பிறகு தொடர்ந்தோம்.

18ஆவது குழி பார் 5, அதாவது ஐந்து அடிகளில் முடிக்க வேண்டியது; பக்கத்தில் ஏரி. 2008 சிங்கப்பூர் ஓப்பன் போட்டியை இந்தியாவின் ஜீவ் மில்கா சிங் இதே மைதானத்தில்தான், உலக நட்சத்திரங்களான எர்னி எல்ஸையும் பாட்ரிக் ஹாரிங்டனையும் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முந்தி வென்றார். நான் மூன்று அடிகளைத் தண்ணீருக்குத் தூரமாகவே போட்டு, நான்காவதில் கிரீனேறி, இரண்டு புட்டில் முடித்தேன். போகி, அதாவது பாரைவிட ஓர் அடி கூட. மொத்தக் கணக்கு நூறைத் தாண்டிவிட்டது என்றாலும் அந்த போகிக்கு மாமா கைகுலுக்கினார்.

அடுத்து ஜோகூரில் ஆடும்போது, ஒவ்வொரு புட்டுக்கும் முன் புல் சாய்வை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடிப்பதாக ஏற்பாடு. உடன் ஆடும் நண்பர்கள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.