ஆலோசனை இலவசம், கோப்பு போய்ச் சேர வேண்டுமே

டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சில் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் சரக்கின் மீது இறக்குமதி நாடு பொருள்குவிப்புத் தடுப்பு வரி (உள்நாட்டு விலையைவிட மலிவாக ஏற்றுமதி செய்வதாகச் சொல்லிப் போடும் கூடுதல் வரி) விதித்த அன்று, உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டால் தீர்ந்துவிடும் என்றே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். 2004 ஜனவரியில், இந்தியா விதித்த பேட்டரி வரியை எதிர்த்து வங்கதேசம் முறையிட்டதும், மிகவும் பின்தங்கிய நாடு ஒன்று அங்கே தொடுத்த அந்த முதல் வழக்கு விசாரணைக் குழு வரை போகாமலே மறு ஆண்டில் வரி விலக்கிக்கொள்ளப்பட்டதும் இங்கே பலருக்கும் மனப்பாடம்.

முறையிடும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு. அது தெரிந்திருந்தும், "ஜெனீவாவில் உள்ள சட்ட ஆலோசனை மையத்துக்கு நீங்களே எழுதுங்கள்" என்று அரசு அலுவலர் ஒருவர் சொன்னதை நம்பி எழுதி, மூன்று வாரங்களை இழந்தேன். 2001 முதல் இயங்கும் அந்த மையம், பின்தங்கிய நாடுகளுக்கு ஆலோசனையை இலவசமாகவும், வழக்காடுவதை மணிக்கு 40 சுவிஸ் பிராங்க் என்ற பெயரளவுக் கட்டணத்திலும் செய்து தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அரசின் கடிதம் இல்லாமல் அது எதையும் தொடாது. அந்தக் கடிதத்துக்காக மீண்டும் அதே அலுவலகத்துக்குப் போனால், நுழைவுச் சீட்டுக்கே முற்பகல் கழிந்தது. உள்ளே, ஏற்றுமதியாளர் சங்கத்தின் பரிந்துரை இணைக்கப்படவில்லை என்று எழுத்தர் கோப்பைத் திருப்பித் தந்தார். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

சங்கப் பரிந்துரை இரண்டே நாளில் கிடைத்தது. அரசின் கடிதமும் ஒருவழியாகப் புறப்பட்டது. ஜெனீவாவிலிருந்து வந்த முதல் கேள்விதான் சுட்டது: வரி விதிக்குமுன் இறக்குமதி நாடு நடத்திய விசாரணையின்போது நீங்கள் அளித்த வினாப்பட்டியல் பதிலின் பொதுப்பார்வைப் படி எங்கே?

அப்படியொன்றை நாங்கள் தயாரிக்கவே இல்லை. 30 நாள் கெடுவுக்குள் பதில் அனுப்பினோம் என்ற நிம்மதியில், ரகசியத் தகவலுக்கு வெளிப்படையான சுருக்கம் ஒன்றும் தர வேண்டும் என்ற விதியைக் கவனிக்கவில்லை. எங்கள் உற்பத்திச் செலவுக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எங்கள் மீது புகார் கொடுத்த அந்நாட்டு உற்பத்தியாளர்களின் எண்களை வைத்தே வரியைக் கணக்கிட அதுவே விசாரணை அதிகாரிகளுக்குச் சாக்காகிவிட்டது. பேட்டரி வழக்கைப் போல, இறக்குமதியில் நம் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு, அதனால் வரி கூடாது என்று வாதிடவும் வழியில்லை. எங்கள் பங்கு அதைத் தாண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வரி ஐந்தாண்டுக்கு மேல் மறுஆய்வின்றித் தொடரக் கூடாது. அந்த மறுஆய்வுக்கான வினாப்பட்டியல் சென்ற மாதம் வந்தது. இம்முறை ரகசியப் படி, பொதுப்பார்வைப் படி இரண்டையும் 22-ஆம் நாளே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைத்திருக்கிறேன்.